படத்துக்கு வெளிக்கிடுத்துகிறவள்

என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் முதலில் பவுடரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். கலியாண வீடுகளுக்குப் போய்ப் பொம்பிளை சோடிக்கிற பிள்ளைகள் இப்போது எங்கள் பக்கத்திலும் பலர் இருக்கிறார்கள். பெரிய பெட்டி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, "அன்ரி, உங்கட காலத்தில படமெடுக்க வாற ஆக்களுக்கு முகத்தில என்ன பூசினனீங்கள்?" என்பார்கள். முதலில் தேத்தண்ணி கொடுத்தோம் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நடந்தது அதுதான்.

கிளிநொச்சியில், ரயில் நிலையத்துக்குப் போகும் வீதியில் ஒரு ஸ்ரூடியோ இருந்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதியில் அங்கே வேலைக்குச் சேர்ந்து, தலை நரைத்துக் கண்ணாடி போட்ட பிறகுதான் விலகினேன். என் வேலைக்கு ஒழுங்கான பெயர் கிடையாது. படம் எடுக்க வருகிறவர்களை முகம் கழுவ வைத்து, தலை வாரி, உடுப்பைச் சரிப்படுத்திக் கதிரையில் கொண்டுபோய் இருத்த வேண்டும். ஆட்களை வெளிக்கிடுத்துகிறவள் என்று ஊரில் சொன்னார்கள். சிலர் அதைச் சொல்லும்போது வாயைக் கோணினார்கள். மகளின் படம் தேவைப்பட்ட நாளில் அவர்களும் என்னிடம்தான் வந்தார்கள்.

நான் முதன்முதலில் அங்கே போனதும் படம் எடுக்கத்தான். எனக்கு இருபத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டாருக்கு என் படம் போக வேண்டியிருந்தது. ஸ்ரூடியோ முதலாளியை எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். அவர் கடை திறந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. வந்தவர்களைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்ற ஆசை அவருக்கு நிறைய இருந்தது. நெகற்றிவில் பென்சிலும் சின்னக் கத்தியும் பிடித்து என் தாடையை ஒடுக்கினார், நிறத்தை ஏற்றினார், மூக்கைக் கொஞ்சம் கூராக்கினார். படத்தைப் பார்த்து நானே மயங்கிவிட்டேன். அம்மா அதைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டார்.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாயார் அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். நான் பலகாரத் தட்டோடு போய் அவர் முன்னால் நின்றேன். அவர் ஒரு பலகாரத்தை எடுத்துக்கொண்டு, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "பொம்பிளையை வரச் சொல்லுங்கோவன்" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யார் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. என் காதில் ஒன்றும் விழவில்லை.

மறுநாள் அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்ரூடியோவுக்குச் சண்டைக்குப் போனார். மாஸ்டர் படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணை, கமராவின்ர கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டா ஆக்கள் எனக்குத் தலைகீழாத்தான் தெரிவினம். நேராப் பாத்துச் சொல்ல எனக்கு ஒராள் வேணும். பிள்ளையை அனுப்புவியளோ?" என்று கேட்டார். அப்பா சண்டையை மறந்து யோசிக்கத் தொடங்கிவிட்டார். அந்தச் சம்பந்தம் போனது போனதுதான். பிறகு வந்த சம்பந்தங்களும் பொருந்தவில்லை. வேலை மட்டும் பொருந்தியது.

வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் வருஷம் முழுக்கப் பிழை விட்டேன், அடுத்த வருஷம் குறைவாக விட்டேன்.

தேத்தண்ணிக் கதைக்கு வருகிறேன். பூநகரி, முரசுமோட்டைப் பக்கமிருந்து வண்டிலிலும் பஸ்ஸிலும் வருகிறவர்களின் முகத்தில் புழுதியும் வியர்வையும் ஒன்றாக இருக்கும். வந்த சூட்டோடு பவுடர் போட்டால் அது குழைத்த மாவாகிவிடும். அதனால் முதலில் கிணற்றடியில் பயற்றம்மா போட்டு முகம் கழுவ வேண்டும். பிறகு வேப்பமர நிழலில் வாங்குப் பலகையில் இருந்து தேத்தண்ணி குடிக்க வேண்டும். முகத்திலிருந்து அவசரம் இறங்கும் வரைக்கும் நான் ஊர்க்கதை கதைத்துக்கொண்டிருப்பேன். மாஸ்டர் யன்னலுக்குள்ளால் பார்த்தபடி நிற்பார். ஆள் தன் பாட்டில் சிரிக்கும்போது முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அவர் அங்கேயே கண்டுகொள்வார். உள்ளே வந்த பிறகு ஒருவரையும் சிரிக்கச் சொன்னதில்லை.

நெற்றியில் வழிகிற எண்ணெயைப் பழைய வேட்டித் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். மூக்குத்தி பளிச்சிட்டால் அதில் சவர்க்காரத்தை மெல்லிசாகத் தடவுவேன். பவுடர் போடுவதென்றால் காதுக்கும் கழுத்துக்கும் கைக்கும் சேர்த்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் வேறு யாருடையவோ தலையைக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருக்கும். திருநீறுதான் பெரிய பாடு. மூன்று குறியும் தடிப்பாக இருந்தால் படத்தில் நெற்றி முழுக்க வெளிச்சம் அடிக்கும். அதை அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. "முகத்தை இன்னொருக்காக் கழுவிப்போட்டு மெல்லிசாப் பூசிக்கொண்டு வாங்கோ, ஐயா" என்பேன்.

வயல்காரர் செய்கிற பிழை ஒன்று இருந்தது. படமெடுக்கிற அன்று காலையில் தலைமயிர் வெட்டிவிட்டு வருவார்கள். அதுதான் மரியாதை என்று நினைப்பு. வருஷம் முழுக்கத் தலைப்பாவோடு வெயிலில் நின்ற ஆள். மயிரை வெட்டியதும் நெற்றியின் மேற்பாதியும் காதைச் சுற்றிய இடமும் வெளிறிப்போய்த் தெரியும். கீழ்முகம் மண்சட்டி நிறத்தில் இருக்கும். அப்படி வருகிறவர்களை, தலைப்பா இல்லாமல் ஒரு கிழமை வயலில் நின்றுவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புவேன். "வெயில் காயச் சொல்லுறதுக்கோ உங்களுக்குக் கடை?" என்று ஒருவர் என்னை ஏசிவிட்டுப் போனார். அடுத்த கிழமை ஒரே நிறத்தில் வந்தார்.

மாஸ்டர் பெண்களோடு நேரே கதைக்க மாட்டார். துணிக்குள்ளே இருந்துகொண்டு, "பிள்ளை, அவாவை நாடியைக் கொஞ்சம் பதிக்கச் சொல்லு" என்பார். முழம் தூரத்தில் இருக்கிற பெண்ணுக்கு அது கேட்டிருக்கும். ஆனாலும் நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் அவள் நாடியைப் பதிப்பாள். என் விஷயத்துக்குப் பிறகு பென்சிலில் மிகவும் கவனமாக இருந்தார். "பரு நாளைக்குப் போயிடும், இண்டைக்கே அழிக்கலாம். மரு போகாது, தொடப்படாது. படத்தில இருக்கிற ஆளும் வாசல்ல வந்து நிக்கிற ஆளும் ஒராளா இருக்கவேணும்" என்பார். அதைச் சொல்லும்போது என் பக்கம் பார்க்க மாட்டார்.

அன்னம்மா அக்கா வந்தது அறுபதை ஒட்டிய ஒரு வருஷம். வட்டக்கச்சிக் குடியேற்றத்தில் காணி கிடைத்து வந்த கந்தையா என்பவரின் தமக்கை. தம்பியோடுதான் இருந்தார். நாற்பது தாண்டிய வயது. கன்னம் இரண்டிலும், நெற்றியிலும், மூக்கு நுனியிலும் அம்மாள் வருத்தம் என்கிற பெரியம்மையின் தழும்புகள் குழி குழியாக இருந்தன.

கந்தையா மாஸ்டரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார். அக்காவின் புருஷன், அவருடைய அத்தான் நாகலிங்கம், மலாயாவில் ரயில்வே கிளாக்கர். கலியாணம் முடித்துச் சில மாதத்தில் கப்பலேறியவர். பிறகு யுத்தம் வந்து கடிதம் நின்றது. யுத்தம் முடிந்த பிறகு வருகிற வருஷம், வருகிற வருஷம் என்று எழுதிக்கொண்டே இருந்தார். அங்கே ஒரு குடும்பம் இருப்பதாக ஊரில் கதை வேறு. இப்போது பென்சன் எடுக்கப் போகிறார். அன்னத்தின் படம் ஒன்று எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டு வருகிற விஷயம் எழுதுகிறேன் என்று மச்சான் கந்தையாவுக்கு எழுதியிருக்கிறார். அவர் போன அடுத்த வருஷமே அக்காவுக்கு அம்மாள் வந்தது. அதை ஒருவரும் அவருக்கு எழுதவில்லை. முதலில் பயம், பிறகு யுத்தம், அதற்குப் பிறகு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

"ஒரு குழியும் தெரியப்படாது, மாஸ்டர். அத்தான் இதைக் கண்டா வரமாட்டார்" என்றார் கந்தையா.

"அவா என்ன சொல்லுறா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"அவா என்னத்தைச் சொல்லுறது. அவாவுக்கு அவர் வரவேணும்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அக்காவை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் கலியாணக் கூறைச் சேலையைக் கொண்டுவந்திருந்தார். பெட்டிக்குள் கிடந்து மடித்த இடமெல்லாம் வரி வரியாக இருந்தது. அதைக் கண்டால் புருஷனுக்கு ஞாபகம் வரும் என்று சொல்லிவிட்டு, கண்ணாடிக்கு முன்னால் இருந்தார்.

"பிள்ளை, இந்தக் குழியெல்லாம் மறையுமோ?"

"பவுடரைக் குழைச்சு அப்பினாப் பாதி மறையும், அக்கா. மிச்சம் மாஸ்டர் நினைச்சாப் பென்சிலால மறைப்பார்."

"முந்தின மாதிரி வருமோ?"

"வரும்."

கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் நல்ல வடிவு, பிள்ளை. இப்ப சொன்னா ஆரும் நம்பமாட்டினம். அவர் போகேக்க வாசல் படலையடியில நிண்டனான். திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு போனவர். அந்த முகத்தைத்தான் கொண்டுபோனவர்."

நான் என் பலகாரத் தட்டுக் கதையைச் சொன்னேன். அந்தத் தாயார் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்ததைச் சொல்லும்போது எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். அன்னம்மா அக்கா சிரிக்கவில்லை. பவுடர் பஞ்சு வைத்திருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவர் வராமல் விட்டா, வராத மனிசன் எண்டு இருந்திடுவன். அப்பிடி இருந்து எனக்குப் பழக்கம். வந்து இறங்கி, என்னைத் தாண்டிக்கொண்டு போய் வேற முகத்தைத் தேடினாரெண்டா நான் தாங்கமாட்டன். பஞ்சை வை, பிள்ளை."

முகம் கழுவிவிட்டேன், தலை வாரினேன், பொட்டு வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. மாஸ்டர் துணியிலிருந்து தலையை எடுத்து, "பவுடர் போடேல்லையோ?" என்றார்.

"வேண்டாமாம், மாஸ்டர். அவாதான் சொன்னவா."

அவர் கூரையை நிமிர்ந்து பார்த்தார். கூரையில் பதித்த கண்ணாடிக்குக் கீழே வெளிச்சத்தை மறைக்கவும் விடவும் திரைச்சீலைகள் உண்டு. இப்படிப்பட்ட முகத்துக்கு முன்பக்கத்தால் நிறைய வெளிச்சம் விட்டுக் குழியை மூடுவதுதான் வழக்கம். மாஸ்டர் முன்பக்கத் திரையை இழுத்து மூடினார். பக்கத்துத் திரையை மட்டும் திறந்தார். பிறகு துணிக்குள்ளிருந்து, "பிள்ளை, படலையடியில நிண்டு அவரைப் பாத்தது எந்தப் பக்கமாம், கேள்" என்றார். எங்கள் கதை அவருக்குக் கேட்டிருக்கிறது. நான் கேட்டேன். அக்கா மெல்ல இடப்பக்கம் திரும்பினார். அப்படியே எடுத்தார். நெகற்றிவைப் பென்சில் தொடவில்லை.

படத்தை வாங்கின கந்தையா கொதித்தார். "ரெண்டு பேருமாச் சேந்து அவாவின்ர வாழ்க்கையைப் பாழாக்கிப்போட்டியள்" என்றார். அவர் அதைக் கிழித்துவிடுவாரோ என்று பயந்தேன். அக்கா பக்கத்தில் நின்று தபாலில் போட வைத்தாராம்.

பிறகு காத்திருப்பு. சந்தைக்கு வருகிற நாட்களில் அன்னம்மா அக்கா ஸ்ரூடியோவுக்குள் வருவார். "ஒரு செம்பு தண்ணி தா, பிள்ளை" என்பார். குடித்துவிட்டுப் போவார். பதில் வந்ததா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கொழும்பு ரயில் கூவினால் சீப்புப் பிடித்த என் கை நின்றுவிடும். தலை வாரக் கொடுத்த பெண்கள், "என்ன அக்கா, உங்கட ஆளோ வாறார்?" என்று பகிடி பண்ணுவார்கள். எனக்கு வர ஒருவரும் இருக்கவில்லை. ஆனாலும் ரயில் கூவினால் நெஞ்சு இடிக்கும். அன்னம்மா அக்காவுக்காகத்தான் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அறுவடை முடிந்த காலத்தில் ஒருநாள் அக்கா ஓட்டமும் நடையுமாக வந்தார். வருகிறேன் என்று எழுதியதோடு நாகலிங்கத்தார் தன் படம் ஒன்றையும் அனுப்பியிருந்தார். கோட்டும் கழுத்துப்பட்டியும், நடுவே வகிடு பிரித்த அடர்ந்த கறுப்பு முடி, சுருக்கமில்லாத கன்னம்.

"அப்பிடியே இருக்கிறார், பிள்ளை" என்றார்.

மாஸ்டர் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சரித்துப் பிடித்துப் பார்த்தார். "நல்ல படம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அக்கா போன பிறகு, "மயிர் முழுக்கத் தூரிகை வேலை. நல்ல கைகாரன்" என்றார்.

"அவாவுக்குச் சொல்லுவமோ, மாஸ்டர்?"

"என்னெண்டு சொல்லுறது. எவ்வளவு சந்தோஷமாப் போறா."

நாங்கள் சொல்லவில்லை.

ரயில் வருகிற அன்று காலையில் அக்கா என்னிடம் வந்து வெளிக்கிட்டார். தலையில் பூ வைத்து விட்டேன். தனியாக நிற்க மாட்டேன், நீயும் வா என்றார். ரயில் நிலையத்தில் கந்தையா வண்டிலடியில் நின்றார். நாங்கள் இருவரும் மேடையில் நின்றோம். ரயில் வந்து ஆட்கள் இறங்கினார்கள். அக்கா கறுத்த முடியையும் கோட்டையும் தேடி ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொல்லு ஊன்றிய, மெலிந்த, வழுக்கைத் தலை மனிதர் ஒருவர் இறங்கி நின்றார். மேடையை ஒருமுறை பார்த்தார். பிறகு ஆட்களை விலக்கிக்கொண்டு நேரே எங்களிடம் வந்தார். வழியில் வேறு ஒரு முகத்தையும் அவர் பார்க்கவில்லை. அக்கா அவருக்கு வழிவிட்டு விலகி நின்று, அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"அன்னம்" என்றார் அவர்.

அக்கா அப்போதும் பின்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முழங்கையைப் பிடித்து, "அக்கா, இவர்தான்" என்றேன்.

"எனக்குக் கண்டவுடன தெரிஞ்சுது" என்றார் அவர்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "எனக்குத் தெரியேல்லையே" என்று சொல்லி அழத் தொடங்கினார். அத்தனை வருஷமும் அடக்கி வைத்த அழுகை. ரயில் போய் மேடை வெறுமையான பிறகும் நிற்கவில்லை. அவர் பொல்லை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு நின்றார்.

"அந்தப் படத்தில கொஞ்சம் கை வைக்கச் சொன்னது நான்தான். நரைச்சு வழுக்கை விழுந்த ஆளெண்டா நீ வேண்டாமெண்டு சொல்லிப்போடுவாய் எண்டு பயந்திட்டன்" என்றார்.

மலாயாவில் என்ன இருந்தது, என்ன இருக்கவில்லை என்று அக்கா பிறகு கேட்டாரோ எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

சில கிழமை கழித்து இருவரும் சோடியாகப் படம் எடுக்க வந்தார்கள். கலியாணத்தின்போது எடுக்கவில்லையாம். நான் அவருக்கு ஸ்ரூடியோவில் வைத்திருந்த கோட்டைப் போட்டுவிட்டு, தொளதொளவென்று இருந்ததைப் பின்பக்கம் ஊசி குத்தி இறுக்கினேன். அவர் கண்ணாடியைப் பார்த்து, காதோரத்து நரையைத் தடவி, "பிள்ளை, இதுக்குக் கொஞ்சம் கறுப்புப் பூசலாமோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா கதவடியில் நின்று கேட்டுவிட்டார். "ஒண்டும் பூசாத, பிள்ளை. இந்த ஆளை எனக்கு இன்னும் பழக்கமில்லை. படத்தைச் சுவரில மாட்டிவைச்சுப் பாத்துப் பாத்துத்தான் பழகவேணும்" என்றார். அவர் பல்லில்லாத வாயால் சிரித்தார். நான் நரையை ஒழுங்காக வாரிவிட்டேன்.

அவரைக் கதிரையில் இருத்தி, அக்காவைப் பக்கத்தில் நிறுத்தினேன். "பிள்ளை, அவாவை அவரின்ர தோளில கையை வைக்கச் சொல்லு" என்றார் மாஸ்டர். நான் சொன்னேன். அக்காவின் கை கதிரையின் சாய்வு வரைக்கும் வந்து அதைப் பிடித்துக்கொண்டது.

"தோளில, அக்கா."

கை மேலே எழுந்தது. தோளுக்குக் கிட்டப் போய்த் திரும்பி வந்தது. கலியாணமாகி அவரோடு இருந்த அந்தச் சில மாதத்திலும் வீடு நிறையப் பெரியவர்கள் இருந்திருப்பார்கள். நாலு பேர் பார்க்க அவரைத் தொட்டிருக்கவே மாட்டார். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் தொட ஆள் இல்லை. நான் போய் அந்தக் கையை எடுத்தேன். குளிர்ந்துபோய் இருந்தது. அதை அவர் தோளில் வைத்தேன். "மூச்சை அடக்கச் சொல்லு" என்றார் மாஸ்டர். நான் சொல்லாமலே இருவரும் அடக்கிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் கமராவின் மூடியைத் திறந்து மூடினார்.

"முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு நெகற்றிவை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் ஆட்கள் கலைந்துவிடுவார்கள். ஆண்கள் கோட்டை இழுத்துக் கழற்றுவார்கள், பெண்கள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைப்பார்கள். இவர்கள் அசையவில்லை. நாகலிங்கத்தார் தன் கையை மெல்லத் தூக்கி, தோளில் இருந்த கைக்கு மேல் வைத்தார். இருவரும் முன்னால் பார்த்தபடி இருந்தார்கள். கமராவுக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.

கோட்டின் ஊசிகளைக் கழற்ற வேண்டியது என் வேலை. நான் போகவில்லை. எனக்கும் எங்கிருந்தாவது ஒருவர் வந்து இறங்கக் கூடாதா என்று இருந்தது. ரயில் கூவும்போதெல்லாம் நெஞ்சு இடித்தது எனக்காகவும்தான் என்று அந்த இடத்தில் நின்றபோதுதான் ஒத்துக்கொண்டேன். கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை.

இருட்டறைக்குள்ளிருந்து மாஸ்டர் கூப்பிட்டார். "பிள்ளை, வெளியில ஆக்கள் காத்துக்கொண்டிருக்கினம். அடுத்த ஆளைக் கொண்டுவந்து இருத்தன்."

"கொஞ்சம் பொறுங்கோ, மாஸ்டர்" என்றேன். "இன்னும் முடியேல்லை."